அறியேன் என்று சொன்ன கதைசொல்லி
ஆங்கில நவீனத்துவப் புனைவின் இயல்புகள் குறித்து

ஆங்கில இலக்கியத்தில் முதுகலை பயிலும் மாணவரிடம் நவீனத்துவப் புனைவின் இயல்புகள் யாவை என்று கேட்டால் ஒரு பட்டியல் உடனே வந்துவிடும். நனவோடை உத்தி, காலவரிசைச் சிதைவு, பல்கோணப் பார்வை, தொன்மப் பயன்பாடு, முடிவுறாத முடிவு, நகரத் தனிமை, மொழிச் சோதனை. பட்டியலில் பிழையில்லை, தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் இவையெல்லாம் ஏன் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரு தலைமுறை எழுத்தாளரிடம் ஒன்றுசேர்ந்து தோன்றின என்ற வினாவுக்குப் பட்டியல் விடை தருவதில்லை. அவ்விடை கிடைக்காதபோது இருவகை முடிவுகள் எளிதில் பிறக்கின்றன. இவை வெறும் உத்தி விளையாட்டுகள், படித்தவர் படித்தவருக்காக ஆடும் ஆட்டம் என்பது ஒன்று. நம்பிக்கை இழந்த ஒரு சமூகத்தின் நோய்க்குறிகள் இவை, நமக்கு இவற்றால் ஆவது ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. நம் சூழலில் இரண்டாவது முடிவே அடிக்கடி செவியில் விழுகிறது.

இரண்டுமே அவசர முடிவுகள் என்று கருதுகிறேன். மேற்சொன்ன இயல்புகள் யாவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனை எவ்வளவு தூரம் அறிய முடியும்? அறியாததை அறிந்ததுபோலச் சொல்லக் கதைசொல்லிக்கு உரிமை உண்டா? இவ்வினாக்களே அந்த வேர். இவற்றை அறம் சார்ந்த வினாக்களாகவும் கொள்ளலாம். அவற்றையே அளவுகோலாகக் கொண்டு நவீனத்துவப் புனைவை அளந்தால் அதன் பெருமையும் தெரியவரும். அது சறுக்கிய இடமும் தெரியவரும்.

யாவும் அறிந்தவன்

19ஆம் நூற்றாண்டின் ஆங்கில நாவலில் கதைசொல்லி யாவும் அறிந்தவன். தாக்கரே 'வேனிட்டி ஃபேர்' நாவலில் (1847–48) தம்மைப் பொம்மலாட்டக் கூடத்தின் மேலாளராகவே காட்டிக்கொண்டார். ஜார்ஜ் எலியட் 'மிடில்மார்ச்' நாவலில் (1871–72) ஓர் ஊரின் ஒவ்வோர் இதயத்துள்ளும் நுழைந்து, அங்கே கண்டதை வாசகருக்கு விளக்கி, அதிலிருந்து பெறவேண்டிய படிப்பினையையும் எடுத்துரைத்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எலியட்டின் அறிவு பரிவு நிறைந்த அறிவு. எழுதுபவரும் படிப்பவரும் எது நன்று, எது தீது என்பதில் பெரும்பாலும் உடன்பட்டிருந்த ஒரு சமூகத்தில் அத்தகைய கதைசொல்லி இயல்பாகவே நம்பப்பட்டார்.

அந்த உடன்பாடு நூற்றாண்டின் இறுதியில் தளர்ந்தது. டார்வினுக்குப் பின் சமயத் துறையில் எழுந்த ஐயங்கள் அதற்கு ஒரு காரணம். மனத்தைப் பற்றிய புதிய ஆய்வுகள் மற்றொன்று. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் மனித எண்ணம் துண்டு துண்டாக அடுக்கப்பட்டதன்று, இடையறாது ஓடும் நீரோட்டம் போன்றது என்றார். அவ்வுருவகத்தையே 1918இல் மே சின்க்ளேர் என்னும் எழுத்தாளர் டாரதி ரிச்சர்ட்ஸனின் நாவல்களைத் திறனாய்ந்தபோது இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். நாம் 'நனவோடை' என வழங்கும் சொல்லின் வரலாறு இதுவே. 1914இல் தொடங்கிய உலகப்போர், தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பட்ட பெருஞ்சொற்களின் மீதிருந்த நம்பிக்கையையும் குலைத்தது.

வர்ஜீனியா வுல்ஃப் 1924இல் எழுதிய ஒரு கட்டுரையில், 1910 டிசம்பரை ஒட்டி மனித இயல்பே மாறிவிட்டது என்று பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் குறிப்பிட்டார். ரயில் பெட்டியின் மூலையில் ஒரு முதிய பெண்மணி அமர்ந்திருக்கிறார். முந்தைய தலைமுறையின் புகழ்பெற்ற நாவலாசிரியர்களான பென்னட், கால்ஸ்வொர்தி, வெல்ஸ் மூவரும் அவருடைய வீடு, வாடகை, சமூகச் சூழல் ஆகியவற்றை விரிவாக எழுதுவார்கள். அந்தப் பெண்மணியை மட்டும் பார்க்கமாட்டார்கள் என்பது வுல்ஃபின் குற்றச்சாட்டு. மனிதரைச் சுற்றியுள்ளவற்றை அறிந்துவிட்டால் மனிதரையே அறிந்துவிட்டோம் என்னும் மிதப்பைத்தான் அவர் சாடினார்.

யாரிடமிருந்து கேட்டது?

இம்மாற்றத்தை ஆங்கிலப் புனைவில் முதலில் உணர்த்தியவர்களுள் ஒருவர் ஜோசப் கான்ராட். போலந்துக் குடும்பத்தில் 1857இல் பிறந்த அவருக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆளுகையிலிருந்த காங்கோவில் 1890இல் ஆற்றுக் கப்பலில் பணியாற்றினார். அந்த அனுபவத்தின் அடிப்படையில் எழுதிய 'இருளின் இதயம்' 1899இல் இதழில் தொடராகவும் 1902இல் நூலிலும் வெளிவந்தது.

அக்கதை சொல்லப்படும் முறையைக் கவனிக்கவேண்டும். தேம்ஸ் நதியில் நங்கூரமிட்ட படகொன்றில் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவனான மார்லோ தன் ஆப்பிரிக்கப் பயணத்தை விவரிக்கிறான். அதைக் கேட்ட, பெயர் சொல்லப்படாத மற்றொருவன் நமக்கு அறிவிக்கிறான். மார்லோ தேடிச் சென்ற கர்ட்ஸ் என்பவனைப் பற்றியோ கணக்கர் ஒருவிதமாகச் சொல்கிறார். மேலாளர் வேறுவிதமாகச் சொல்கிறார். ருஷ்ய இளைஞன் ஒருவன் இவ்விரண்டுக்கும் பொருந்தாத ஒரு படத்தைத் தருகிறான். மார்லோ கர்ட்ஸை நேரில் காணும்போது அவன் சாகும் தறுவாயில் இருக்கிறான். நாம் அறியும் கர்ட்ஸ் பல வாய்கள் வழியே வந்து சேர்ந்தவன்.

அறிவிப்பாளர் தொடரை ஆய்ந்து பழகிய மாணவருக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. செய்தி என்ன என்பதோடு, அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், நேரில் கேட்டாரா, 'இன்னாரிடமிருந்து' என்று மட்டும் சொல்கிறாரா என வினவுவது ஹதீஸ் கலையின் முதற்பாடம். 'ஸமிஃத்து' என்பதற்கும் 'அன்' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை முஹத்திஸ்கள் எத்துணை நுட்பமாக அளந்தார்கள் என்பதை நாம் அறிவோம். ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுவது பொருந்தாது. அங்கே நோக்கம் செய்தியின் மெய்ம்மையை உறுதிசெய்வது. கான்ராட் காட்டுவதோ உறுதிசெய்ய இயலாத ஒரு நிலை. எனினும், 'யார் சொல்கிறார்' என்று கேட்காமல் 'என்ன நடந்தது' என்று கேட்கக்கூடாது என்னும் ஒழுங்கு இரண்டுக்கும் பொது.

கதையின் முடிவு இவ்வொழுங்கை மேலும் கூர்மையாக்குகிறது. பொய்யை வெறுப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மார்லோ, கர்ட்ஸுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைச் சந்திக்கும்போது, இறந்தவன் கடைசியாக உச்சரித்தது அவள் பெயரையே என்று பொய் சொல்கிறான். அதைப் படகிலுள்ளோரிடம் ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். நமக்குக் கதையைக் கொண்டுவந்தவன், தான் ஒருமுறை பொய்யுரைத்ததை வெளிப்படையாகச் சொல்லிவிட்டான். இனி அவனை எந்த அளவுக்கு நம்புவது? அப்பொறுப்பு வாசகரிடம் வந்து சேர்கிறது. பின்னர் ஃபோர்ட் மேடக்ஸ் ஃபோர்ட் 'த குட் சோல்ஜர்' நாவலில் (1915) தன் மனைவியையும் நண்பனையும் பல ஆண்டுகள் அறியாமலே வாழ்ந்துவிட்ட ஒருவனைக் கதைசொல்லியாக அமைத்தார். அவன் நினைவுகள் முன்னும் பின்னுமாக அலைகின்றன. திறனாய்வாளர் 'காலச் சிதைவு' என்பது இதைத்தான். ஆனால் காலத்தைச் சிதைக்கவேண்டும் என்று ஆசிரியர் வீம்புக்குச் செய்ததன்று இது. ஏமாந்தவன் உண்மையை அறிந்துகொள்ளும் வரிசை, அது நிகழ்ந்த வரிசையாக இருப்பதில்லை.

ஒரு நாள், பல மனங்கள்

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' 1922 பிப்ரவரி 2ஆம் நாள் பாரிஸில் வெளிவந்தது. 1904 ஜூன் 16ஆம் நாளும் அடுத்த நாளின் முதற்பொழுதும் டப்ளின் நகரில் கழிவதே கதை. ஹோமரின் காவிய நாயகன் ஆண்டுக்கணக்கில் அலைந்த இடத்தில், விளம்பரம் சேர்க்கும் தொழில் செய்யும் லியோபோல்ட் புளூம் ஒரு பகல் முழுதும் தெருக்களில் நடக்கிறான். இறுதி அத்தியாயத்தில் அவன் மனைவி மோலியின் எண்ணங்கள் நிறுத்தக்குறிகள் ஏறத்தாழ இல்லாமலே பாய்கின்றன. அந்நாவலில் ஒழுக்கவியல் நோக்கில் மறுப்புக்குரிய பகுதிகள் உண்டு. அமெரிக்காவில் 1933இல் நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அது தடைக்கு உள்ளாகியிருந்தது. ஆயினும் யூதத் தந்தைக்குப் பிறந்து, சொந்த நகரிலேயே அந்நியனாகப் பார்க்கப்படும் ஓர் எளிய மனிதனின் ஒருநாள் வாழ்வு காவியத்துக்கு ஈடான கவனத்தைப் பெறத் தக்கது என்ற கருத்தை அதனின்று பிரித்துவிட முடியாது. தொன்மத்தை ஏன் கையாண்டார் என்பதற்கு விடை அதுவே.

வுல்ஃபின் 'திருமதி டாலவே' (1925) அளவில் சிறியது. என் மதிப்பீட்டில் நவீனத்துவ இயல்புகளைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வாயில் இல்லை. 1923 ஜூன் மாதத்தில் லண்டனில் ஒரு நாள். நாடாளுமன்ற உறுப்பினரின் மனைவி கிளாரிசா அன்றிரவு விருந்துக்கு ஆயத்தம் செய்கிறாள். அதே நகரில் போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய செப்டிமஸ் என்னும் இளைஞன், போரில் மாண்ட நண்பனைக் கண்முன் காண்கிறான். இருவரும் சந்திப்பதே இல்லை. பிக் பென் கடிகாரம் மணி அடிக்கிறது. எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்குள்ளும் ஓடும் காலம் வேறாக இருக்கிறது. தெருவில் ஒரு கார் நிற்கிறது. உள்ளே இருப்பது யார் என்று ஆளுக்கொன்று எண்ணுகிறார்கள். கதைசொல்லி கடைசிவரை சொல்வதில்லை.

இந்நாவலில் மனிதரை முழுமையாக அறிந்ததாக நம்புவோர் இருவர்: மருத்துவர் ஹோம்ஸும், புகழ்பெற்ற மனநல வல்லுநர் சர் வில்லியம் பிராட்ஷாவும். பிராட்ஷா ஒரு நோயாளிக்கு ஒதுக்குவது முக்கால் மணி நேரம். அதிலும் முதல் சில நிமிடங்களிலேயே அவர் முடிவுக்கு வந்துவிடுகிறார். செப்டிமஸை மனைவியிடமிருந்து பிரித்து ஓய்வில்லத்துக்கு அனுப்பத் தீர்மானிக்கிறார். ஹோம்ஸ் படியேறி வரும் ஓசை கேட்டு அவ்விளைஞன் சன்னலிலிருந்து குதித்து இறக்கிறான். பழைய நாவலின் யாவும் அறிந்த கதைசொல்லி இங்கே கதைக்குள் ஒரு பாத்திரமாக, உயிரைப் பறிக்கும் பாத்திரமாக இடம்பெற்றுவிட்டான் என்றே நான் வாசிக்கிறேன். மறுபுறம், எவரையும் இன்னார் இப்படிப்பட்டவர் என்று இனிச் சொல்வதில்லை என்று காலையில் எண்ணிக்கொண்ட கிளாரிசா, விருந்தின் நடுவே அந்த மரணச் செய்தியைக் கேட்டுத் தனியறைக்குள் செல்கிறாள். அவனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே அவனுக்காகச் சற்று நிற்கிறாள்.

நவீனத்துவம் மனிதனைச் சமூகத்திலிருந்து பிரித்துத் தனிமையில் அடைத்துவிட்டது என்று ஹங்கேரிய மார்க்சிய அறிஞர் லூக்காச் கண்டித்தார். நம்மிடையே சமய நோக்கிலிருந்தும் இதையொத்த கண்டனம் எழுவதுண்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் வுல்ஃபின் மனப்பயணம் தனிமையைக் கொண்டாடவில்லை. ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்கு முன்னறிவிப்பின்றித் தாவும் அந்த நடை, மூடிய அறைகளுக்கிடையே கதவு தேடும் முயற்சி.

சறுக்கிய இடம்

அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்ததா என்பது அடுத்த வினா.

'இருளின் இதயம்' பேரரசின் கொடுமையை மறைக்கவில்லை. சங்கிலியில் பிணைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களும் மரநிழலில் கிடந்து சாகும் உழைப்பாளிகளும் அதில் உண்டு. ஆனால் அவர்கள் பேசுவது ஓரிரு இடங்களில், சில சொற்கள் மட்டுமே. கர்ட்ஸை அறிய முடியாமை கதையின் பெரும்புதிராக வளர்கிறது. ஆப்பிரிக்கரை அறியாமையோ ஒரு புதிராகக்கூட மதிக்கப்படவில்லை. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே 1975இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரையில், ஆப்பிரிக்காவை ஓர் ஐரோப்பியனின் மனச்சிதைவுக்கு வெறும் பின்புலமாக ஆக்கிவிட்டதற்காகக் கான்ராடை இனவாதி என்றே சாடினார். அவ்வளவு கடுமை தேவையா என்ற விவாதம் அன்று முதல் தொடர்கிறது. ஆனால் அச்செபே வைத்த அளவுகோல் வெளியிலிருந்து வந்ததன்று. நவீனத்துவம் தானே உருவாக்கிக்கொண்ட அளவுகோல் அது.

வுல்ஃப் இவ்வெல்லையைத் தாமே குறிப்பாகக் காட்டியிருக்கிறார். கிளாரிசாவின் கணவர் பங்கேற்கும் குழுக்கூட்டம் ஆர்மீனியர் பற்றியதா அல்பேனியர் பற்றியதா என்பது அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. அவள் நினைவு ரோஜாக்களிடம் செல்கிறது. முன்பின் அறியாத லண்டன் இளைஞனுக்காக நெகிழும் இதயம், தொலைதூரத்தில் அழிந்த ஒரு மக்களின் பெயரைக் குழப்பிக்கொள்கிறது.

இ. எம். ஃபார்ஸ்டரின் 'எ பாஸேஜ் டு இந்தியா' (1924) நமக்கு இன்னும் நெருக்கமானது. சர் ஸையித் அஹ்மத் கானின் பேரரும் பிற்காலத்தில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருமான ஸையித் ராஸ் மஸ்ஊதுக்கு அந்நாவல் காணிக்கையாக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1906இல் மஸ்ஊதுக்கு லத்தீன் கற்பிக்க வந்த ஃபார்ஸ்டர் அவருடைய வாழ்நாள் நண்பரானார். நாவலின் மையப் பாத்திரம் மருத்துவர் அஜீஸ். இரவில் பள்ளிவாசலுக்குள் வந்த ஆங்கில மூதாட்டியிடம், காலணியைக் கழற்றியிருக்க வேண்டும் என்று அவர் சினந்து சொல்கிறார். அம்மூதாட்டியோ ஏற்கெனவே கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஊகத்தில் தொடங்கித் தெளிவில் முடியும் அச்சிறு நிகழ்ச்சியிலிருந்து ஒரு நட்பு பிறக்கிறது.

பின்னர் மராபார் குகையில் அடிலா என்னும் ஆங்கிலப் பெண்ணுக்கு ஏதோ நேர்கிறது. அஜீஸ் தன்னைத் தாக்க முயன்றதாக அவள் குற்றம் சாட்டுகிறாள். விசாரணை தொடங்குமுன்பே ஆங்கிலேயர் குடியிருப்பு முழுதும் அவரைக் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுகிறது. சான்றுக் கூண்டில் நிற்கும்போது அடிலாவுக்கு உறுதி தளர்கிறது. குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறாள். குகையில் நிகழ்ந்தது யாது? கதைசொல்லி இறுதிவரை கூறுவதில்லை. முதற்படிகளில் ஃபார்ஸ்டர் தாக்குதல் காட்சியை எழுதியிருந்தார். அச்சான நூலில் அது இல்லை. அக்காட்சியை நீக்கியதுதான் நாவலை நவீனத்துவத்துக்குள் கொண்டுவந்தது. 'அறியோம்' என்று சொல்லியிருக்க வேண்டிய ஒரு கூட்டம் 'அறிவோம்' என்று சொன்னதால் ஒரு முஸ்லிம் மருத்துவரின் நற்பெயரும் நட்பும் வாழ்வும் சிதைந்தன. இக்காட்சியின் பொருளை நம் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை.

ஆனால் அதே கதைசொல்லி, குகையைப் பற்றி வாய்மூடிக்கொண்டவர், கீழைநாட்டாரின் மன இயல்பு இத்தகையது, அவர்களுடைய ஐயம் இவ்வாறு வளரும் என்றெல்லாம் ஆங்காங்கே பொதுவிதி வகுக்கிறார். இங்கே பிராட்ஷாவின் முக்கால் மணி நேரம் திரும்பவும் வந்துவிடுகிறது. எட்வர்ட் ஸயீத் 1993இல் வெளியிட்ட 'பண்பாடும் ஏகாதிபத்தியமும்' என்னும் நூலில், இந்திய விடுதலை எழுச்சியை ஃபார்ஸ்டர் உரிய கனத்துடன் எதிர்கொள்ளவில்லை என்றார். அதையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும். அஜீஸை நேசித்த எழுத்தாளருக்கு அஜீஸின் அரசியல் கைவசப்படவில்லை.

நைல் நதிக்கரையிலிருந்து

இக்குறையைக் கண்டவர்கள் நவீனத்துவ முறைகளைத் தூக்கியெறியவில்லை என்பதே கருதத்தக்கது. ஸூடான் நாட்டு எழுத்தாளர் தய்யிப் ஸாலிஹ் (1929–2009) அரபியில் எழுதிய 'மவ்ஸிமுல் ஹிஜ்ரா இலஷ் ஷமால்' 1966இல் வெளிவந்தது. 1969இல் டெனிஸ் ஜான்சன்-டேவீஸ் அதை ஆங்கிலத்தில் தந்தார். ஏழாண்டுகள் இங்கிலாந்தில் பயின்று நைல் நதிக்கரைச் சிற்றூருக்குத் திரும்பும், பெயர் சொல்லப்படாத ஒருவன் அதன் கதைசொல்லி. ஊரில் குடியேறியுள்ள முஸ்தஃபா ஸயீத் என்னும் அந்நியரின் கடந்தகாலத்தை அவன் துண்டு துண்டாகக் கேட்டறிகிறான். லண்டனில் புகழும் பெண்களின் அழிவும் ஒரு கொலையும் நிறைந்த வாழ்வு அது. ஸயீத் நதி வெள்ளத்தில் மறைகிறார். இறந்தாரா என்பதுகூட உறுதியில்லை.

கான்ராடின் பயணம் வடக்கிலிருந்து தெற்கே, நதி வழியே செல்கிறது. ஸாலிஹ் அதைத் திசைமாற்றித் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்கிறார். அடுக்கடுக்கான அறிவிப்பு, முன்பின்னான காலம், அறிய முடியாத மைய மனிதன், முடிவுறாத முடிவு என நாம் பட்டியலிட்ட இயல்புகள் அனைத்தும் அதில் உண்டு. வேறுபாடு ஒன்றே. இங்கே புதிராக நிற்பவன் ஓர் ஆப்பிரிக்கன். அவனை அறியத் தவிப்பவனும் ஓர் ஆப்பிரிக்கன். அடர்ந்த உள்வாழ்வு ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று என்பதை, அவர்களிடமிருந்து பெற்ற கருவியைக் கொண்டே அவர் நிறுவிவிட்டார். அப்பாலியல் வன்மம் நமக்கு உவப்பானதன்று. அரபு நாடுகளிலும் அது கண்டனத்துக்கு உள்ளானது. ஆயினும் ஸயீதை நாயகனாக்கி ஸாலிஹ் கொண்டாடவில்லை. இறுதியில் நதியின் நடுவே, இரு கரைகளுக்கும் இடையில், கதைசொல்லி உதவிக்காகக் கூவுகிறான்.

'லா அத்ரீ', அறியேன், என்று சொல்வது அறிவில் பாதி என்று நம் ஆசான்கள் வழிவழியாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். அச்சொல்லைச் சொல்லத் துணிந்ததே ஆங்கில நவீனத்துவப் புனைவின் தலையாய இயல்பு. மற்றவை அதைச் சொல்லும் வழிகள். அச்சொல்லை அது எல்லா மனிதர் முன்னும் சொல்லவில்லை என்பதே அதன் குறை. ஆகவே இத்தகைய நாவலை வாசிக்கும் நம் மாணவர்கள் உத்திகளைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடாமல் இரண்டு வினாக்களைக் கேட்கப் பழகவேண்டும். இக்கதைசொல்லி யாரைத் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார்? யாரைத் தெரிந்துகொள்ளவே தேவையில்லை என்று கருதுகிறார்? இவ்வினாக்களை நாம் எழுதும் கதைகளிடமும், அண்டை வீட்டாரைப் பற்றி நாம் நாள்தோறும் சொல்லிக்கொள்ளும் கதைகளிடமும் கேட்கலாம்.